கம்யூனிகேட்டர் செய்யும் மகளும் வீட்டுப் பத்திரமும்

"மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நாலு மாதமாக ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் ஏதோ பழைய டிவி தொடரில் வரும் பேசும் கருவியைச் செய்துகொண்டிருக்கிறாள். அதன் மூடி திறக்கிற கீலுக்கு மட்டும் ரெண்டு வாரம் ஆனது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தே ஆக வேண்டும் என்று என் அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க இவள் அப்பாவும் தயாராகிவிட்டார். பிள்ளையோ வேண்டாம் என்று அழுகிறாள். எனக்கு எது சரி என்றே தெரியவில்லை."

அம்மா, பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குள் பத்திரம் கைமாறிவிடும். அதனால் நேராகவே சொல்கிறேன்: இந்தக் கடனை வாங்காதீர்கள்.

உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கணக்கு தப்பு. பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள், அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது, படம் வரைகிற பிள்ளையைப் பெயின்ட் தயாரிக்கும் ரசாயனம் படிக்க அனுப்புவது போன்றது. அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் ஆகியவைதான் அங்கே நாலு வருடமும். அவள் மனம் இப்போது நிற்கிற இடம் வடிவம், அளவு, வெளிச்சம், ஒரு பொருள் எப்படித் திறந்து மூடுகிறது என்பது. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: தன் வேலையை வேகப்படுத்த அவளாகவே பைத்தான் என்ற கணினி மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுகிறாளா? ஆம் என்றால் அண்ணன் சொல்வதையும் மேசைமேல் வைத்துப் பேசலாம். அப்போதும் வீட்டை அடகு வைத்து அல்ல.

வழக்கமான மற்ற படிப்புகளைப் பற்றி உறவுக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறைக்குப் பத்துமுறை சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. அவள் செய்துகொண்டிருப்பதற்கே ஒரு தொழில் பெயர் உண்டு என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஹார்ட் சர்ஃபேஸ் மாடலிங். உயிரினங்களை அல்லாமல் கருவி, வண்டி, இயந்திரம் போன்ற கெட்டியான பொருட்களை அளவு பிசகாமல் 3டியில் கட்டும் வேலை. விளையாட்டு என்று நீங்கள் நினைப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவள் செய்வது, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், 1966 முதல் 1969 வரை வந்த ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் தொடரில், ஆட்கள் கையில் வைத்துப் பேசும் கம்யூனிகேட்டர். வா மிங் சாங் என்ற சிற்பக் கலைஞர் கையால் செய்த பொருள் அது. கறுப்பு உடல், மேலே துளைகள் நிறைந்த உலோக மூடி, உள்ளே சின்ன விளக்குகள், நடுவில் சுழலும் ஒரு வட்டம். கேமரா கிட்டே போகும் காட்சிகளுக்கு, வட்டம் நிஜமாகவே சுழலும் பிரதிகள் இருந்தன. அந்தச் சுழற்சிக்கு ஸ்டாப்வாட்ச் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். தூரக் காட்சிகளுக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்வதற்கும் வெறும் பொம்மைப் பிரதிகள். இரண்டு வகையும் ஒன்றுபோல இருக்காது. முதல் சறுக்கலே இங்கேதான்: ஒரு படத்தில் இந்தப் பிரதி, அடுத்த படத்தில் அந்தப் பிரதி என்று பார்த்துப் பார்த்துக் கட்டினால், எந்தப் பிரதியோடும் பொருந்தாத ஒரு மாடல்தான் மிஞ்சும். ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து, அதன் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

அதே தொடரின் விண்கலத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. படப்பிடிப்புக்கு வைத்த 11 அடி மாடலின் இடது பக்கம் முழுமையாக முடிக்கப்படவே இல்லை. விளக்குகளுக்கான ஒயர்கள் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வந்தன. இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2016இல் அதைச் சீரமைத்துக் காட்சிக்கு வைப்பதற்கு முன் அருங்காட்சியகம் பொதுமக்களிடமே பழைய புகைப்படங்களைக் கேட்டது. ஒரு ரசிகரின் ஆல்பம் அங்கே ஆவணமாகிவிட்டது. ஆதாரம் தேடி, ஒப்பிட்டு, சந்தேகமானதை ஒதுக்கும் பழக்கம் உங்கள் மகளுக்கு வந்திருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அடுத்தது அளவு. புகைப்படத்தை அப்படியே பின்னால் வைத்து ஓரம் பிடித்து வரைந்தால் தப்பாகும். 3 செ.மீ. தடிமன் உள்ள பொருளை 30 செ.மீ. தூரத்திலிருந்து படம் பிடித்தால் முன்பக்கம் பின்பக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 3 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் அந்த வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். அதனால் தூரத்திலிருந்து எடுத்த படங்களையே அளவுக்குப் பயன்படுத்த வேண்டும். கிட்டத்தில் எடுத்தவை கீறல், நிறம், பளபளப்பு பார்க்க மட்டும். நடிகரின் உள்ளங்கையை வைத்து நீளத்தைக் கணிப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் கை கேமராவுக்கு முன்னே வரும், பின்னே போகும்.

3டி மாடல் கட்டும் மென்பொருளான பிளெண்டரில் கோப்பைத் திறந்ததும் அலகை மில்லிமீட்டருக்கு மாற்றி, சாதாரணப் பெட்டி உருவங்களால் மொத்த விகிதத்தையும் முதலில் நிறுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டவர்கள்தான் கடைசியில் விளக்குக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். விளிம்புகளை மழுங்கச் செய்யும் பெவல் ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்தால், பெட்டியை இழுத்துப் பெரிதாக்கிய பிறகு அதன் ஸ்கேலை அப்ளை செய்யவில்லை, அதாவது புது அளவையே அசல் அளவாகப் பதியவில்லை என்று அர்த்தம். புதிதாக வருபவர்கள் இதற்கே அரை நாள் தொலைப்பார்கள்.

மூடியின் சல்லடைக்கு வருகிறேன். வளைந்த தகட்டை முதலில் செய்துவிட்டு அதில் நூற்றுக்கணக்கான துளைகளை பூலியன் (ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் கட்டளை) போட்டு வெட்டினால் துளைகள் நீள்வட்டமாகும், சுற்றிலும் வெளிச்சம் கோடுகோடாக உடையும். சரியான வழி தலைகீழானது. நடுவில் 12 பக்கத் துளை உள்ள ஒரு சதுர ஓடு. அதை, ஒன்றையே வரிசையாகப் பெருக்கும் அரே என்ற கட்டளை கொண்டு 24க்கு 16 என்று பரப்பினால் 384 துளைகள். ஓரங்களை ஒட்டவைத்து, தடிமன் கொடுத்து, கடைசியில்தான் மொத்தத்தையும் வளைக்க வேண்டும். கணினி எந்த 3டி வடிவத்தையும் சின்ன முக்கோணங்களாகத்தான் கணக்கிடும். ஒரு ஓட்டுக்கு மேலும் கீழுமாக 32 முக்கோணங்கள், துளையின் உட்சுவருக்கு 24, ஆக 56. மொத்தம் 21,504. மாடலிலிருந்து கணினி வெளிச்சம் சேர்த்து வரைந்து தரும் ரெண்டர் படத்துக்கு இது ஒன்றுமே இல்லை. கேமில் கையில் பிடிக்கும் ஒரு சின்னப் பொருளின் மூடிக்கு மட்டும் இவ்வளவு என்றால் பாரம். அங்கே துளையில்லாத தகட்டின் மேல் ஆல்ஃபா படம், அதாவது சில இடங்கள் மட்டும் ஊடுருவித் தெரியும் படம் ஒட்டித் துளை காட்டுவார்கள். இரண்டையும் செய்து காட்டத் தெரிந்தவளுக்குத்தான் வேலை.

ரெண்டு வாரம் எடுத்த கீலைப் பற்றி. மூடியின் சுழல் மையம் கீலின் அச்சில் சரியாக உட்கார வேண்டும். 1 மி.மீ. தள்ளியிருந்தால்கூட, 90 பாகை திறந்ததும் மூடி 1.4 மி.மீ. விலகி நிற்கும், 180 பாகையில் 2 மி.மீ. மூடியிருக்கும்போது அழகாகத் தெரியும், திறந்தால் உடலுக்குள் புகுந்து நிற்கும். இதையே 3டி பிரின்டில் எடுக்கப் போனால் ஊசிக்கும் துளைக்கும் நடுவே பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நாலே கோடு வரைந்து கீல் என்று பெயர் வைத்துவிட்டு நகராமல், ரெண்டு வாரம் மல்லுக்கு நின்ற பிள்ளை அவள். எனக்கு அது ஒன்றே பாதி பதில்.

சுழலும் வட்டம் இன்னும் அருமையான இடம். கோடுகள் உள்ள ஒரு தட்டு நிலையாக இருக்க, அதன்மேல் வேறு எண்ணிக்கைக் கோடுகள் உள்ள தட்டு சுழன்றால் இரண்டிலும் இல்லாத ஒரு நிழல் தோன்றி ஓடும். மோய்ரே என்று பெயர். சோதனைக்கு ஒன்றில் 36 ஆரக்கோடுகளும் மற்றதில் 37ம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 37 கோட்டுத் தட்டு 1 பாகை நகர்ந்தால் நிழல் 37 பாகை ஓடும். ஆனால் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் வீடியோவில், ஒரு ஃபிரேமுக்கு அரைக்கோட்டு இடைவெளியை, அதாவது சுமார் 4.86 பாகையைத் தாண்டிவிட்டால் நிழல் பின்னோக்கி ஓடுவதாகக் கண் ஏமாறும். ஆகவே நொடிக்கு 116 பாகைக்குள் வேகத்தை வைக்க வேண்டும். கோடுகள் பிக்சலைவிட நெருக்கமாக இருந்தால், நாம் செய்த மோய்ரேக்கு மேல் ரெண்டரே ஒரு பொய் மோய்ரேயைச் சேர்த்துவிடும். இரண்டு மடங்கு அளவில் ரெண்டர் எடுத்துச் சுருக்கினால் பெருமளவு அடங்கும். இயற்பியலும் கணக்கும் இதற்குள்ளேயே இருக்கின்றன என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

பொருளின் மேற்பரப்பில் இரண்டு விஷயம் மட்டும். கறுப்பு பிளாஸ்டிக்குக்கு முழுக் கறுப்பு நிறம் கொடுத்தால் வடிவமே செத்துவிடும், கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும். தேய்மானத்தை விரல் படும் இடத்தில்தான் வைக்க வேண்டும், எல்லா விளிம்பிலும் ஒரே மாதிரி கீறல் போட்டால் பழசாகத் தெரியாது, பொய்யாகத் தெரியும். கேமை ஓட்டும் மென்பொருளான கேம் எஞ்சினுக்குக் கொண்டுபோனதும் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரிந்தால் மேடுபள்ளத்தை நிறங்களாகக் குறிக்கும் நார்மல் மேப் என்ற படத்தின் பச்சைச் சேனல் (பச்சை நிறப் பகுதி) தலைகீழாக இருக்கிறது. பிளெண்டரும் யூனிட்டி என்ற எஞ்சினும் ஒரு முறையைப் பின்பற்றும், அன்ரியல் என்ற எஞ்சின் அதற்கு எதிர் முறையை.

இந்தத் திறமைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? கேம், விஎஃப்எக்ஸ் (சினிமாவுக்குக் கணினியில் காட்சி செய்யும்) நிறுவனங்கள் என்று அவளே சொல்லியிருப்பாள். உண்மை, ஆனால் அங்கே வேலை படத்தைப் பொறுத்து வரும், படம் முடிந்தால் போகும். அதை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. இந்தத் தொடரின் ரசிகராகத் தொடங்கி, பின்னர் வந்த ஸ்டார் டிரெக் தொடர்களிலேயே கலைஞராக வேலை செய்த டக் டிரெக்ஸ்லர் போன்றவர்கள் உண்டுதான். அதை ஒரு வாக்குறுதியாக அவளிடம் காட்டாதீர்கள். நான் அதிகம் பார்க்கச் சொல்வது பொருள் காட்சிப்படுத்தல் என்ற பக்கம். சந்தைக்கு வரும் முன்பே ஒரு மிக்ஸியையோ நாற்காலியையோ படமாகக் காட்டுவது, இயந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் கையேட்டுப் படங்கள், அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கான பயிற்சி மென்பொருள், அருங்காட்சியகப் பொருட்களின் டிஜிட்டல் பிரதி. பளபளப்பான பெயர் இல்லாததால் உறவுக்காரர்கள் காதில் இவை விழுவதில்லை.

இப்போது பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிளெண்டர் இலவசம், 2002 முதல் திறந்த மூல மென்பொருள். துல்லியமான இயந்திர வரைபடத்துக்கு ஃப்ரீகேட், அதுவும் இலவசம். 16 ஜிபி நினைவகமும் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினி இந்த அளவு வேலைக்குப் போதும். "அப்படியானால் பெரிய அனிமேஷன் கல்லூரியில் சேர்க்கிறோம்" என்று அப்பா ஆரம்பித்தால் அதற்கும் கடன் வேண்டாம். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், விளம்பரத்தில் வரும் படங்களை விட்டுவிட்டு, கடைசி வருட மாணவர் ஒருவரின் கோப்பைத் திறந்து வயர்ஃப்ரேம், அதாவது மாடலின் கம்பிக்கோட்டு எலும்புக்கூட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். டிகிரி ஒன்று கையில் இருக்கட்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. மாத வருமானத்திலேயே கட்டிவிடக்கூடிய ஏதாவது ஒரு படிப்பில், முடிந்தால் பொருள் வடிவமைப்பிலோ இயந்திர வரைபடம் சொல்லித்தரும் பிரிவிலோ சேரட்டும்.

மகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தூக்கம் கெட்டுச் செய்யும் வேலையில் மறுநாள் பாதியை அழிக்கத்தான் நேரம் போகும். பதினொரு மணிக்கு மேல் கணினி அணைய வேண்டும். ஒரு வருடத்துக்குள் மூன்று வேலைகளை முழுமையாக முடிக்க வேண்டும். முதலில் இந்தக் கம்யூனிகேட்டர், திறந்து மூடும் வீடியோவோடு. இரண்டாவது வீட்டிலிருக்கும் ஒரு நிஜப் பொருள், டார்ச்சோ தாழ்ப்பாளோ, வெர்னியர் காலிப்பரால் அளந்து, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் காட்டியது. வேலை கொடுப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு பொருளை 5,000 முக்கோணங்களுக்குள், மேற்பரப்பில் ஒட்டும் ஒரே 2048 பிக்சல் சதுரப் படத்தில் (டெக்ஸ்சர்) அடக்கியது. முக்கால்வாசியில் நிற்கும் பத்து மாடல்களை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். வருடக் கடைசியில் ஒன்றுகூட முடியவில்லை என்றால் அப்போது வேறு மாதிரி பேசுவோம். அவளும் அதற்கு இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. தொடரின் வடிவங்களுக்கு உரிமையாளர் உண்டு. ரசிகர் படைப்பு என்று எழுதி, அசல் யாருடையது என்று குறிப்பிட்டு, தன் வேலைத் தொகுப்பில் காட்டலாம். கோப்பையோ பிரின்ட் எடுத்த பொருளையோ காசுக்கு விற்க இறங்கக் கூடாது. இத்தொடரின் உரிமை நிறுவனங்கள் 2016இல் ரசிகர் படங்களுக்கென்றே விதிகள் வெளியிட்டன. அவையும் லாபநோக்கு கூடாது என்றுதான் சொல்கின்றன.

வங்கிக்குப் போகும் நாளைத் தள்ளி வையுங்கள். இன்று சாயங்காலம் அண்ணனையும் கூட உட்காரவைத்து, அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு எனக்கு இரண்டு படங்கள் அனுப்பச் சொல்லுங்கள்: கீலின் வயர்ஃப்ரேம் கிட்டத்தில், சல்லடையின் வயர்ஃப்ரேம் கிட்டத்தில். ரெண்டர் வேண்டாம், கம்பிக்கோடுகள் மட்டும் போதும்.