பூச்சில்லாத கிட்டார் நெக்குக்கு என்ன பூசுவது?

தர்மபுரி நண்பர் வாங்கிய மேப்பிள் மர நெக் (கிட்டாரின் கழுத்து) வெறும் மரமாக வந்திருக்கிறதாம், ஃபிரெட்போர்டு, அதாவது விரல் வைத்து அழுத்தும் முன்பலகை, மட்டும் ரோஸ்வுட். அப்படியே வாசிக்கலாமா என்கிறார். வேண்டாங்க. நம்ம பக்கத்து ஏப்ரல் வெயிலில் உள்ளங்கை வியர்வை இறங்கி மேப்பிள் சீக்கிரமே அழுக்கேறிச் சாம்பல் பூத்துவிடும். ஈரம் ஏறி இறங்க, நெக்கும் வளையும்.

பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கேளுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அது காயவே காயாது. ஆசாரி ஃபிரெஞ்ச் பாலிஷ் போடச் சொல்வார். பார்க்க அழகுதான், ஆனால் அந்த அரக்குப் பூச்சு வியர்வைக்குத் தாங்காது.

முதலில் ஃபிரெட்போர்டையும் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) உட்காரும் பள்ளத்தையும் டேப்பால் மூடுங்கள். ரோஸ்வுட்டுக்குப் பூச்சு தேவையில்லை. 320 நம்பர் உப்புத்தாள் தேய்த்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்தபின் கையால் தடவிப் பார்த்தால் இரண்டு நாள் தாடி போல நார் குத்தும். அதை 400 தாளால் லேசாக எடுத்துவிட வேண்டும்.

துணியில் நாலு சொட்டுதான். தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். நான் முதல் தடவை தாராளமாக ஊற்றி அப்படியே விட்டேன். ஒரு வாரம் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் மாதிரி பிசுபிசுத்தது. குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு பூச்சு போதும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி, துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.