ஆடிக்கொண்டே பாட மூச்சு போதவில்லை, வாயசைக்கலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் நான்கு வருடமாகப் பாடுகிறேன். திருவிழா, ரிசப்ஷன் என்று மூன்று மணி நேரக் கச்சேரிகள். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பாடகி ஆடவும் வேண்டும் என்கிறார்கள். ஐந்து குத்துப்பாட்டுகளில் முதல் சரணத்துக்கு வரும்போதே மூச்சு வாங்குகிறது, சுருதி இறங்குகிறது. குழு நடத்தும் அண்ணன், "அந்த அஞ்சு பாட்டுக்கும் வாய்ஸோட டிராக் போட்டுடலாம்மா, நீ வாயசைச்சா போதும். பெரிய பெரிய பாடகர்களே செய்றாங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: வேண்டாம் சகோதரி. உங்கள் மனசு சொல்வதுதான் சரி. ஆனால் வேண்டாம் என்று சொல்லி நாங்கள் ஒதுங்கிக்கொண்டால், சீசன் முழுக்க மேடையில் மூச்சு வாங்கப்போவது நீங்கள். மூச்சு ஏன் போதவில்லை, சுருதி ஏன் இறங்குகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் அவை சரிசெய்யக்கூடியவை.

முதலில் 'டிராக்' என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வாத்தியம் மட்டும் உள்ள மைனஸ் ஒன் ஒன்று. கோரஸ், ஹம்மிங் மட்டும் உள்ள டிராக் இன்னொன்று. முழுக் குரலும் உள்ளது மூன்றாவது. முதல் இரண்டிலும் தயங்க ஒன்றுமில்லை. ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில்கூட 2021 முதல் பின்னணிக் குரல்களைப் பதிவுசெய்து ஒலிக்கவிட அனுமதிக்கிறார்கள். பிரதானக் குரல் மட்டும் மேடையில் பாடப்பட்டாக வேண்டும். கோடு எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டிருக்கிறார்கள்.

பெரிய பாடகர்கள் செய்வது உண்மைதான். 2013-ல் ஒபாமா பதவியேற்பில் அமெரிக்கப் பாடகி பியான்சே தேசிய கீதத்துக்குப் பதிவையே பயன்படுத்தினார். ஆர்கெஸ்ட்ராவோடு ஒத்திகை பார்க்க நேரமில்லை என்று பத்தே நாளில் செய்தியாளர்கள் முன் ஒப்புக்கொண்டார், அதே கீதத்தை அங்கே நேரில் பாடியும் காட்டினார். 2009 பதவியேற்பில் செல்லோ கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர் வாசித்ததும் முன்பதிவுதான். அந்தக் குளிரில் தந்தியில் சுருதி நிற்காது. இரண்டு இடத்திலும் கேட்டது அவரவர் சொந்த ஒலி, ஒரே ஒரு உருப்படி, உலகமே பார்க்கும் அரசு விழா.

அண்ணன் போடச் சொல்வது யாருடைய குரல்? சினிமாவில் பாடிய பின்னணிப் பாடகியுடையது என்றால் கதையே வேறு. மில்லி வனில்லி என்ற இருவர் பாட்டுக் குழுவுக்கு 1990 பிப்ரவரியில் கொடுத்த கிராமி விருதை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், ஆல்பத்தில் இருந்தது அவர்கள் குரலே இல்லை என்பதால். நம் சினிமாவில் நடிகை வாயசைக்கிறார், யாரும் குறை சொல்வதில்லை. பாடியவர் பெயர் டைட்டிலில் வருகிறது, பார்க்கிறவருக்கும் தெரியும். கச்சேரி மேடையில் 'பாடகி' என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒலிக்கும் குரல் அந்தப் பெயருக்கு உரியதாக இருக்க வேண்டும். தவிர, பாட்டை மேடையில் பாடும் உரிமமும் ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கவிடும் உரிமமும் வேறு வேறு. இது அண்ணன் யோசிக்க வேண்டிய விஷயம்.

வாயசைத்தால் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும் சொல்கிறோம். ஃபோனின் இயர்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ ஜாக் போட்ட ஒரே வயரை மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டில் (இரு கம்பியில் வரும் ஒலியின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) செருகினால், மிக்ஸர் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். பாடகர் குரல் பெரும்பாலும் இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருக்கும்; அதனால் கழிந்து காணாமல் போகும். வாத்தியமும் எக்கோவும் மட்டும் மிதக்க, நீங்கள் வாயைத் திறந்து நின்றுகொண்டிருப்பீர்கள். (மைனஸ் ஒன் போடும்போதும் பேஸும் டிரம்ஸும் இப்படித்தான் தொலையும். ஒரு முனையில் ஸ்டீரியோவும் மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்கும் உள்ள ஒய் வயர் வாங்கி இரண்டு சேனலில் போடச் சொல்லுங்கள். ஃபோன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும்.) இன்னொன்று உதடு. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். கண் எதிரே பத்து செல்ஃபோன் கேமரா இருக்கையில், 'மாமா' என்ற ஒரு சொல்லில் உதடு பிந்தினாலே போதும், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் மூச்சுக்கு வருவோம்.

சுருதி இறங்குவதற்கு முதல் சந்தேகம் உங்கள் தொண்டை மேல் அல்ல, மானிட்டர் மேல்தான், அதாவது பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையிலேயே அவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையில் மானிட்டர் பாக்ஸ் இல்லாமல் 30 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கரைக் கேட்டுப் பாடினால், தாளம் உங்கள் காதுக்கு 0.09 விநாடி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 130 தாள அடி விழும் குத்துப்பாட்டில் ஓர் அடிக்கு 0.46 விநாடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம். தன் குரலே காதில் விழாதபோது யாரும் கத்தத்தான் செய்வார்கள். கத்தினால் மூச்சும் தீரும், சுருதியும் போகும். உங்களுக்கென்று ஒரு மானிட்டர் பாக்ஸ் கேளுங்கள். அதில் உங்கள் குரல் தூக்கலாக, அடுத்து கீபோர்டு, அதற்கும் கீழே பேட் (தட்டினால் தாள ஒலி தரும் மின்கருவி). எக்கோ வேண்டாம். ஷூர் எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பது) என்றால் மைக்கின் வால் பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். ஆடும்போது மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மூடினால் அது எல்லாப் பக்கமும் கேட்கும் மைக் ஆகிவிடும், உடனே 'கூ' என்று ஃபீட்பேக் கிளம்பும், மைக்செட்காரர் உங்கள் சேனலையே குறைத்துவிடுவார்.

அடுத்து ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி உயரம். அந்த ஐந்து பாட்டையும் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, உங்கள் உச்ச வரிக்கு அது பெரிய நிம்மதி. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பேடில் ஏற்றியிருக்கும், திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் துண்டான லூப்பில் பேஸோ நாதஸ்வரத் துணுக்கோ இருந்தால் அது பழைய ஸ்கேலிலேயே நிற்கும், பாட்டோடு மோதும். ஒத்திகையிலேயே அதை மாற்றிவிட வேண்டும்.

ஆட்டத்தைக் குறைக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். பாட்டுத் தாளை எடுத்துப் பாடும் வரிகளுக்கு ஒரு நிறம், இடையிசைக்கு ஒரு நிறம் அடியுங்கள். குதியும் சுற்றும் இடையிசையில் மட்டும். பாடும் வரியில் கை, தோள், முகம் போதும்; கால் ஊன்றி நிற்கட்டும். சரணம் தொடங்க எட்டு தாள அடி இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்துங்கள். மேலே சொன்ன வேகத்தில் அது 3.7 விநாடி. முதலில் இருக்கிற மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், பிறகு வயிறு விரிய இழுங்கள். வெளியே விடாமல் மேலே மேலே இழுப்பதால்தான் நெஞ்சு அடைக்கிறது. தினமும் பத்து நிமிடம் வேகநடை நடந்தபடியே பல்லவியைப் பாடி ஃபோனில் பதிவுசெய்து கேட்டு வாருங்கள்; இரண்டு வாரத்தில் வித்தியாசம் காதுக்கே தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பு மேடைக்கு ஆகாது.

ஐந்தையும் அடுத்தடுத்து வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆண் குரல் தனிப்பாட்டைப் போடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியைக் குழுவில் இன்னொருவர் சேர்ந்து பாடட்டும். கோரஸ் டிராக் வேண்டுமென்றால் உங்கள் குழுவே ஒரு நாள் உட்கார்ந்து பதிவுசெய்துகொள்ளலாம். உங்கள் பிரதானக் குரலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பதிவில் ஒன்று, நேரில் ஒன்று என்று இரண்டு 'நீங்கள்' சேர்ந்தால் எழுத்துக்கு எழுத்து விலகி, குரல் குழறலாகக் கேட்கும்.

டிவி சேனல் ஷூட்டிங்குக்கு அழைத்து, முன்பே நீங்கள் பாடிப் பதிவுசெய்ததற்கு வாயசைக்கச் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள், அது படப்பிடிப்பு. கச்சேரியன்று தொண்டை கட்டிக்கொண்டால் மைக்கிலேயே சொல்லிவிட்டு அந்தப் பாட்டை இன்னொருவருக்குக் கொடுங்கள். திருவிழாக் கூட்டம் அதைப் புரிந்துகொள்ளும். அன்று கிசுகிசுவென்று பேசுவதும் குரலுக்குச் சிரமமே. பேசாமல் இருப்பது நல்லது. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள்.

அண்ணனிடம் 'மாட்டேன்' என்று தொடங்காதீர்கள். "ஒரு மானிட்டர் பாக்ஸ், அரைக் கட்டை ஸ்கேல், பாட்டு வரிசையில் மாற்றம், இவ்வளவும் வைத்து இரண்டு கச்சேரி பார்ப்போம் அண்ணா" என்று கேளுங்கள். இதில் அவருக்குச் செலவு என்றால் பாக்ஸ் வாடகை மட்டும்தான்.