ஜன்னலை மாற்றவும் கமிஷனைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: நியூயார்க்கில் மகள் வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம், பழைய செங்கல் அடுக்குமாடி. குளிர்காற்று வருகிறதே, ஜன்னலை மாற்றக்கூடாதா என்றால், அதற்கு நகரக் கமிஷனின் அனுமதி வேண்டுமாம். அதென்ன அரண்மனையா? இதையெல்லாம் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அரண்மனை இல்லைதான். ஆனால் ஜாக்சன் ஹைட்ஸின் ஒரு பகுதியை 1993-ல் வரலாற்றுப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள், மகள் வீடு அதற்குள் வருகிறது போல. நடுவில் தோட்டம் விட்டுச் சுற்றிலும் வீடுகள் கட்டிய அந்த அமைப்புக்காகத் தெருக்களையே மொத்தமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். உடைந்த கண்ணாடியை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம், ஜன்னலையே மாற்றுவதென்றால்தான் கேட்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பது 11 பேர் கொண்ட ஒரு கமிஷன். மேயர் நியமிப்பது. அதில் குறைந்தது மூன்று பேர் கட்டடக் கலைஞர்களாக இருக்க வேண்டும், ஒரு வரலாற்று ஆய்வாளர் வேண்டும், ஒரு ரியல் எஸ்டேட்காரரும் வேண்டும் (ஆமாம், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது), அப்புறம் நகரின் ஐந்து பிரிவுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும். தலைவரைத் தவிர யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஆனால் கதை அவர்களிடம் ஆரம்பிப்பதில்லை. கட்டி 30 வருடம் ஆன எந்தக் கட்டடத்துக்கும், அதைப் பரிசீலியுங்கள் என்று யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. தெருக்காரர்கள் பழைய புகைப்படம் தேடுவார்கள், கட்டியவர் யார், யார் குடியிருந்தார்கள் என்று தோண்டுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். கமிஷனின் ஊழியர்கள் அதைப் பார்த்துத் தகுதி உண்டா என்று முடிவுசெய்வார்கள். உண்டு என்றால் பொது விசாரணை, அங்கே ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் மைக் பிடித்துப் பேசலாம், பிறகு வாக்கெடுப்பு. கமிஷன் சரி என்றாலும் நகர மன்றம் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். அதனால் விவரம் தெரிந்த தெருக்காரர்கள் தங்கள் பகுதி மன்ற உறுப்பினரை முதலிலேயே போய்ப் பார்த்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான தேர்வு நடப்பது பொது விசாரணையில் இல்லை, அதற்கு முன்னால் ஊழியர்கள் மனுக்களைச் சலிக்கும் இடத்தில்தான். அங்கே நின்றுபோனால் விசாரணை வரைக்கும் வராது. இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

இவ்வளவும் வந்தது ஒரு ரயில் நிலையம் போனதால். நியூயார்க்கில் 1910-ல் திறந்த பென்சில்வேனியா நிலையம், ரோமாபுரிக் குளியல் மண்டபங்களை மாதிரியாக வைத்துக் கல்லில் கட்டியது. அதை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து 1962-ல் கட்டடக் கலைஞர்கள் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். தடுக்கச் சட்டம் இல்லை, 1963 அக்டோபரில் இடிக்க ஆரம்பித்தார்கள். சட்டம் 1965 ஏப்ரலில்தான் வந்தது.

கேள்வி: என் பணத்தில் வாங்கிய வீட்டை, தெருவில் போகிறவன் மனுப் போட்டு முடக்கிவிடலாம் என்றால் அது என்ன நியாயம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: காரைக்குடிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய வீட்டைப் பராமரிக்க ஆகும் செலவு உங்களுக்குத் தெரியாததா.

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது ஒரு ரயில்வே கம்பெனி. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 1967-ல் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் தலைமேல் 50 மாடிக்கும் கூடுதலாக ஒரு கோபுரம் எழுப்பக் கம்பெனி திட்டம் போட்டது, கமிஷன் முடியாது என்றது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது, நடுவில் அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் வந்து நிலையத்தின் பக்கம் நின்றார், கடைசியில் 1978-ல் ஆறுக்கு மூன்று என்று நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. நிலையத்தை நிலையமாக நடத்தி வருமானம் பார்க்க முடிகிறதே, சொத்தைப் பறித்ததாக எப்படிச் சொல்வது என்பது நீதிபதிகளின் வாதம். அதோடு, அந்த இடத்தில் கட்ட முடியாமல் போன மாடிகளுக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை நம் ஊர்ச் சட்டம் எழுதுகிறவர்கள் இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும். கையைக் கட்டினால் மட்டும் போதாது, கையில் ஏதாவது கொடுக்கவும் வேண்டும்.

நியாயமான வருமானமே வரவில்லை என்று சொந்தக்காரர் நிரூபித்தால் விலக்கு கேட்கலாம். ஆனால் நிரூபிப்பது லேசில்லை.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பதும் இல்லை. 2006-ல் மன்ஹாட்டனில் டக்கோட்டா ஸ்டேபிள்ஸ் என்ற பழைய குதிரை லாயக் கட்டடம் விசாரணைக்கு வருவதற்குள், முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த அனுமதியைக் காட்டி முகப்பு வேலைப்பாடுகளைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். காப்பாற்ற ஒன்றும் மிஞ்சவில்லை, இப்போது அங்கே அடுக்குமாடி.

கேள்வி: அழகாக இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் வீடு, அது பட்டியலில் இருக்கிறது. 2015-ல் ஸ்டோன்வால் மதுக்கடையைச் சேர்த்தது 1969-ல் அங்கே ஒருபாலீர்ப்பாளர்கள் போலீசை எதிர்த்து எழுந்ததற்காக, கட்டட அழகுக்காக இல்லை.

கேள்வி: ஃப்ளஷிங்கில் நம் பிள்ளையார் கோயில் இருக்கிறதே, அதற்கும் மனுப் போடலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில், 30 வருடக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது, போடலாம். அதே பௌன் தெருவில் 1661-ல் கட்டிய பௌன் வீடு பட்டியலில் இருக்கிறது, அரசு தடுத்தும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கூட்டித் தொழவிட்ட மனிதரின் வீடு. மத சுதந்திரத்துக்கு அந்தத் தெருவில் ஒரு பரம்பரையே உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் யோசித்துச் செய்யுங்கள். நம் கோயில்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, திருப்பணிக்குத் திருப்பணி ஏதாவது மாறும். பட்டியலில் ஏறிவிட்டால் வெளிப்புற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் கமிஷன் வாசலில் நிற்க வேண்டும். பார்க் அவென்யூவில் செயின்ட் பார்தலோமியூ தேவாலயம் தன் நிலத்தில் அலுவலகக் கோபுரம் கட்டக் கேட்டு, மத உரிமை என்று வாதாடியும் 1990-ல் தோற்றது. நிர்வாகிகளைக் கேட்காமல் மனுப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவில் ஒரு பழைய பங்களா. விற்கப்போவதாகப் பேச்சு. எங்கே போய்ச் சொல்வது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: முதலில் அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் 467 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது, அதுவும் விளம்பர ஹோர்டிங்குகள் எந்தக் கட்டடங்களை மறைக்கக் கூடாது என்று சொல்வதற்காக! அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் எல்.ஐ.சி. இடிக்க ஆரம்பித்து, பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட, 2010-ல் உயர் நீதிமன்றம் அந்த ஹோர்டிங் பட்டியலையே கையில் எடுத்துக்கொண்டது. அதிலுள்ளவற்றைக் காக்கப் பாரம்பரியக் குழு அமைக்கவும் சொன்னது. இடிப்பு நின்றது, ஆனாலும் கட்டடம் பல வருடம் பாழடைந்தே கிடந்தது.

பட்டியலில் இல்லையென்றால் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலுள்ள அந்தப் பாரம்பரியக் குழுவுக்கு எழுதுங்கள், இன்டாக் சென்னைக் கிளைக்கும் ஒரு பிரதி போகட்டும். "பழமையான அழகிய கட்டடம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். கட்டிய வருடம், யாருடையது, அங்கே என்ன நடந்தது, நாலு பக்கமும் எடுத்த படம், பழைய வரைபடம் கிடைத்தால் அதுவும். இதற்கெல்லாம் முன்னால் சொந்தக்காரரைப் போய்ப் பாருங்கள். பல வீடுகள் விலைக்குப் போவது பேராசையால் இல்லை, கூரை ஒழுகுவதாலும் பங்காளிகள் ஒத்துப்போகாததாலும்தான். அவரும் மனுவில் கையெழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. போடவில்லை என்றால் விற்பனைப் பத்திரம் பதிவாவதற்குள் எழுதிவிடுங்கள்.