காதில் விழாததை எழுதாதீர்கள்: டிக்டேஷன் கேள்வி-பதில்

அமெரிக்க டாக்டரோ நம்மூர் டாக்டரோ, அவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் அடிக்கும் உங்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே மாதிரி. "அக்கா, ஒரு வார்த்தை புரியல, என்னவா இருக்கும்?" அவ்வளவுதான். எந்த ஸ்பெஷாலிட்டி, முன்னே பின்னே என்ன வாக்கியம், அது மருந்தா, உறுப்பா, நோயா, எதுவும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஸ்ட்ரோக் வந்த நோயாளியின் ரிப்போர்ட். டாக்டர் சொன்னது டிஸ்ஃபேஜியாவா, டிஸ்ஃபேசியாவா என்று தெரியவில்லை. ஸ்பீச் தெரபிக்கு அனுப்புகிறேன் என்று அடுத்த வரியில் சொல்வதால், பேச்சுக் கோளாறு என்று முடிவு செய்து டிஸ்ஃபேசியா போட்டேன். சரிதானே?
— ம., புது வண்ணாரப்பேட்டை

டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் சிரமம். ஆனால் அந்தத் துப்பு இங்கே செல்லாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் விழுங்கும் சோதனையைச் செய்பவரும் அதே ஸ்பீச் தெரபிஸ்ட்தான். போதாக்குறைக்கு, ஸ்ட்ரோக் வந்தவருக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்தே இருக்கலாம். ரிப்போர்ட்டில் வேறு இடங்களைத் தேடுங்கள். கெட்டியாக்கின திரவ உணவு, பேரியம் ஸ்வாலோ என்ற விழுங்கும் எக்ஸ்ரே, ஆஸ்பிரேஷன் (உணவு மூச்சுக்குழாயில் போவது), வாய்வழி எதுவும் கொடுக்காதே என்ற உத்தரவு, இவற்றில் ஒன்று இருந்தால் விழுங்குவதில் பிரச்சினை. பொருளைக் காட்டினால் பெயர் சொல்ல வரவில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றெல்லாம் பரிசோதனைப் பகுதியில் இருந்தால் பேச்சு. பேச்சுக் கோளாறை அஃபேசியா என்றே சொல்லும் நரம்பியல் டாக்டர்கள் நிறையப் பேர் என்பதையும் மனதில் வையுங்கள். எதுவுமே இல்லையா? பிளாங்க் விடுங்கள், அதாவது அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆடியோவில் அது வரும் நிமிடம்-வினாடி குறியுங்கள்.

மின்ட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறேன். ஹைப்போஎக்கோயிக், ஹைப்பர்எக்கோயிக், அனெக்கோயிக் மூன்றும் ஒரே மாதிரி கேட்கிறது. டாக்டர் ரொம்ப வேகம்.
— ச.

ஸ்கேனில் எதிரொலி குறைவு என்றால் ஹைப்போ, அதிகம் என்றால் ஹைப்பர், எதிரொலியே இல்லை என்றால் அனெக்கோயிக். பக்கத்து வார்த்தை காட்டிக்கொடுக்கும். பித்தப்பைக் கல் என்றால் ஹைப்பர்எக்கோயிக், அதற்குப் பின்னால் நிழல் விழுகிறது என்று டாக்டர் சொல்வார். நீர்க்கட்டி என்றால் அனெக்கோயிக், பின்னால் நிழலுக்குப் பதிலாக என்ஹான்ஸ்மென்ட், அதாவது கூடுதல் வெளிச்சம் வரும். ஹைப்போவும் ஹைப்பரும் எந்த உறுப்பிலும் வரலாம், அங்கேதான் ஆபத்து. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் டாக்டர் பத்தடி தள்ளி அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க ஃபைல் அடிப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எழுந்து போய்க் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதினால் எப்படி?

கூலிக் கணக்கில் 65 எழுத்து ஒரு லைன் என்கிறார்களே, ஸ்பேஸும் சேருமா?
— ஆர்.கே., கொளத்தூர்

பெரும்பாலும் சேரும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

'சோவாஸ் அப்ஸஸ்' என்று தெளிவாகக் கேட்கிறது. எஸ்ஸில் ஆரம்பித்து எப்படித் தேடினாலும் கிடைக்கவில்லை. பிளாங்க் விட்டுவிட்டேன்.
— ஜெ., வியாசர்பாடி

இது பிளாங்க் விடவேண்டிய இடமே இல்லை. காது நன்றாக வேலை செய்திருக்கிறது, தேடிய விதம்தான் போதவில்லை. 'பி' எழுத்தில் தேடுங்கள். இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக இறங்கும் தசை அது, முதல் எழுத்து ஊமை. இமை தொங்குவதை 'டோசிஸ்' என்பார்கள், அதுவும் 'பி'யில்தான் இருக்கும். மார்பெலும்பின் நுனியை 'ஸைஃபாய்ட்' என்பார்கள், அது 'எக்ஸ்'ஸில். நுரையீரலில் கேட்கும் கரகரப்பான 'ரான்கை' ஆர்-ஹெச்சில். கழுத்து ரத்தக் குழாயில் 'ப்ரூயி' என்ற இரைச்சல் கேட்கிறது என்றால் அது பிரெஞ்சுச் சொல், கடைசியில் ஒலிக்காத 'டி' ஒன்று ஒட்டியிருக்கும். 'கீயான் பாரே' என்ற நரம்பு நோயை 'கே'யில் தேடினால் கிடைக்குமா? 'ஜி'யில் தேடுங்கள். இப்படி ஒலியும் எழுத்தும் ஒட்டாத சொற்களுக்கு ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நோட்டை நகல் எடுத்தால் மனதில் நிற்காது.

ஹைட்ராக்ஸிசின், ஹைட்ராலசின் இரண்டும் குழம்புகிறது. டோஸை வைத்துக் கண்டுபிடி என்று பயிற்சியில் சொன்னார்கள். 25 மில்லிகிராம் என்று கேட்கிறது.
— நா., தண்டையார்பேட்டை

டோஸை வைத்துப் பிரிப்பது நல்ல பழக்கம்தான். செலிபிரெக்ஸ் (வலி மருந்து), செலெக்ஸா (மனச்சோர்வு மருந்து) போன்ற ஜோடியில் கைகொடுக்கும். முன்னது பெரும்பாலும் 200 என்று வரும், பின்னது 20, 40 என்று வரும். ஆனால் நீங்கள் கேட்ட ஜோடிக்கு அது உதவாது. இரண்டிலும் 10, 25, 50 மாத்திரைகள் உண்டு. எதற்குக் கொடுக்கிறார் என்று பாருங்கள். அரிப்பு, பதற்றம் என்றால் முன்னது. ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு என்றால் பின்னது. நோயாளிக்கு அரிப்பும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது என்றால் பழைய ரிப்போர்ட்டின் மருந்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் பிளாங்க், நேரம்.

இது உங்கள் காதின் கோளாறு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் லோசெக் என்று வந்த மருந்து லேசிக்ஸோடு குழம்பியதால் 1990இல் அதற்கு பிரிலோசெக் என்று பெயர் மாற்றினார்கள். 2016இல் பிரின்டெலிக்ஸ், பிரிலின்டாவோடு குழம்பி டிரின்டெலிக்ஸ் ஆனது. கோடிக்கணக்கில் செலவழித்து விளம்பரம் செய்த பெயரையே மாற்ற வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸில் ஒரு பிளாங்குக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஃபைலுக்கு மூன்றைத் தாண்டினால் அந்த ஃபைலுக்குக் காசே கிடையாது. டீம் லீடர், "கிட்டத்தட்ட எதையாவது போடு, க்யூஏ பார்த்துக்குவாங்க" என்கிறார். க்யூஏ என்றால் எங்கள் ஃபைலைச் சரிபார்ப்பவர்கள். என்ன செய்வது அக்கா?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. நானும் எத்தனை முறை எழுதிவிட்டேன். இன்னொரு முறை எழுதுகிறேன், இந்தத் தடவை உங்கள் டீம் லீடருக்கும் சேர்த்து.

நம் பக்கத்தில் மழைக்காலத்தில் ரோட்டில் பள்ளம் விழுந்தால் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவைப்பார்கள் இல்லையா? பிளாங்க் அந்த வேலையைத்தான் செய்கிறது. பார்த்ததும் டாக்டர் நிற்பார், நிரப்புவார், அப்புறம் கையெழுத்துப் போடுவார். ஊகித்து எழுதிய சொல்லில் அந்தக் கிளை கிடையாது. ஸ்பெல்லிங் சரியாக இருக்கும், இலக்கணம் சரியாக இருக்கும், ஸ்பெல்-செக் சிவப்புக் கோடு போடாது. நாற்பது ரிப்போர்ட்டை வரிசையாகத் திறந்து கையெழுத்துப் போடும் டாக்டர் கண்ணில் அது எங்கே படப்போகிறது?

க்யூஏ பார்த்துக்கொள்வார்கள் என்பது பாதி பொய். பல கம்பெனிகளில் அனுபவமுள்ளவர்களின் ஃபைல் நேராக கிளையன்ட்டுக்குப் போய்விடும், க்யூஏ சாம்பிளுக்குச் சிலதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்கும் க்யூஏவும் பிளாங்க் இருந்தால்தான் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பார். நன்றாகப் படிக்க வரும் தப்பான வரியில் அவர் கண்ணும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அலபாமா மாநிலத்தில் 2008இல் நடந்தது இது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளிக்கு 8 யூனிட் இன்சுலின் என்று வரவேண்டியது 80 யூனிட் என்று பதிவாகிவிட்டது. அந்தப் பெண்மணி இறந்துபோனார். டைப் அடிக்கும் வேலை கைமாறி கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. 2012இல் ஜூரி 14 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ஒரே ஒரு பூஜ்ஜியம். பிளாங்குக்குக் காசு பிடிக்கும் முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, முதலாளி மாறமாட்டார், உங்களுக்கு வாடகை கொடுக்க வேண்டும். அதனால் பிளாங்கை நியாயமான வழியில் குறையுங்கள். புரியாத இடத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு மேலே போங்கள். தொடக்கத்தில் முணுமுணுத்த சொல்லை, கடைசியில் முடிவைச் சொல்லும் இம்ப்ரெஷன் பகுதியில் டாக்டர் தெளிவாகச் சொல்வது ரொம்ப சகஜம். அதே டாக்டரின் பழைய ஃபைல்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் வழக்கமான வாக்கியங்கள் உண்டு. பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் சொல்லை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அவர் காதிலும் அதுவே விழும். இவ்வளவும் செய்த பிறகும் நிற்கும் பிளாங்க் இருக்கிறதே, அதற்கு யாரும் உங்களிடம் காசு பிடிக்க உரிமை இல்லை. ஒவ்வொன்றிலும் எந்த நேரம், எப்படி ஒலிக்கிறது என்று எழுதி மெயிலில் அனுப்பி வையுங்கள். "எதையாவது போடு" என்பதையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த டீம் லீடரும் எழுதித் தரமாட்டார், பாருங்கள்.

சந்தேகமான பக்கத்தை ஃபோட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
— ராயபுரத்திலிருந்து ஒருவர்

பார்க்கவில்லை, அழித்துவிட்டேன். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ரெக்கார்டு நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நோயாளியின் விவரங்களைக் காக்க 1996இல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டம் என்று முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்களே, அப்போது தூங்கிவிட்டீர்களா? புரியாத வாக்கியத்தை மட்டும் கையால் எழுதி அனுப்புங்கள்.

வீட்டிலிருந்து வேலை. எண்ணூர் ரோட்டில் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி. ஸ்பீடைக் குறைத்துக் குறைத்துக் கேட்டாலும் ஃபிஃப்டியா சிக்ஸ்டியா பிடிபடவில்லை. விலை அதிகமான ஹெட்செட் வாங்கலாமா?
— தே., திருவொற்றியூர்

காதை முழுக்க மூடும் ஹெட்செட் ஒன்று போதும், விலை முக்கியமில்லை. லாரி இரைச்சல் அதில் அடங்கும். ஃபிஃப்டி, சிக்ஸ்டி அடங்காது. டாக்டர் ஃபோனில் டிக்டேட் செய்திருந்தால், சாதாரண ஃபோன் லைன் ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது. 'ஸ'வையும் 'ஃப'வையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பதிவிலேயே இல்லாத ஒலியை எந்த ஹெட்செட் தரும்?

ஸ்பீடை ரொம்பக் குறைத்தால் சொல் இழுபட்டு இன்னும் கெடும். கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், முணுமுணுப்பு சில நேரம் கூட்டினால்தான் சேர்ந்து வரும். மூன்று நான்கு சொல் முன்னால் இருந்து ஓடவிட்டுக் கேளுங்கள். எண் மட்டும் சந்தேகம் என்றால் ஊகம் வேண்டவே வேண்டாம். 15-50, 16-60 எல்லாம் இதே கதைதான். 0.5 என்பதில் முன் பூஜ்ஜியம் கட்டாயம், 1 என்பதை 1.0 என்று எழுதவே கூடாது, புள்ளி மங்கினால் பத்தாகிவிடும். இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடுகிறது. நாங்கள் திருத்தினால் போதும். வேலை சுலபம்தானே?
— கா., கொருக்குப்பேட்டை

கை ஓய்வாக இருக்கும், அவ்வளவுதான். மெஷினுக்குச் சந்தேகம் வந்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு சொல்லைப் போட்டு வரியை ஓட்டிவிடும். மேலே பெரம்பூர் கடிதத்தில் வந்த டீம் லீடர் கேட்கும் ஆள் அதுதான். 'நோ' என்ற ஒரு சின்னச் சொல்லை விட்டுவிடும், மருந்து அலர்ஜி இல்லாதவருக்கு அலர்ஜி வந்துவிடும். திரையைப் படித்துக்கொண்டே கேட்டால் படித்ததுதான் காதிலும் விழும். அதனால் மருந்து, எண், இடது-வலது, இல்லை என்ற சொல் வரும் இடங்களில் கண்ணை எடுத்துவிட்டு முதலில் கேளுங்கள், பிறகு திரையைப் பாருங்கள்.

அப்டக்ஷன், அடக்ஷன் எப்படிப் பிரிப்பது?
— வி., காசிமேடு

நல்ல டாக்டர் ஏ-பி-டக்ஷன், ஏ-டி-டக்ஷன் என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார். அப்படிச் சொல்லாதவர் என்றால் டிகிரியைப் பாருங்கள். தோளில் 150, 160 என்று வந்தால் கையை உடம்பை விட்டு விலக்கித் தூக்குவது, அதாவது 'பி'. உடம்பை நோக்கிக் கொண்டுவருவது 'டி'. 30, 40 என்று வந்தால் மட்டும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோள் இறுகிப்போனவருக்கு 'பி'யும் அவ்வளவுதான் வரும். பிளாங்க், நேரம்.