ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மனித குலத்தையே அழித்துவிடும் என்கிறார்களே, இது உண்மையான ஆபத்தா, வெறும் பூச்சாண்டியா?

உண்மையான ஆபத்துதான் என்று நினைக்கிறேன். சொன்ன வேலையை, நாம் நினைத்தே பார்க்காத வழியில் அது முடித்துக் காட்டும் என்பதுதான் என் பயம்.

2016-இல் ஓப்பன்ஏஐ என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'கோஸ்ட் ரன்னர்ஸ்' (CoastRunners) என்ற படகுப் பந்தய விளையாட்டில் ஒரு ஏஐயைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிப்பதுதான் நோக்கம் என்பது ஆடுகிற யாருக்கும் தெரியும். ஆனால் புள்ளிகள் கிடைத்தது வழியில் உள்ள இலக்குகளை இடிப்பதற்கு. அது ஒரு ஓரமாக ஒதுங்கி, மறுபடி மறுபடி முளைக்கும் மூன்று இலக்குகளையே வட்டமடித்து இடித்துக்கொண்டிருந்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகள் மேல் மோதியது, பந்தயத்தை முடிக்கவே இல்லை. அப்படியும் மனிதர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகப் புள்ளிகள்!

விளையாட்டு என்பதால் நிறுத்திவிட்டுத் திருத்த முடிந்தது. நம்மைவிடத் திறமையான ஒன்று இப்படித் தடம் மாறினால்? தன்னை அணைத்துவிட்டால் கொடுத்த வேலை முடியாது என்பது அதற்கும் புரியும். அணைக்க விடாமல் பார்த்துக்கொள்ள அதுவே போதுமான காரணம், வெறுப்பெல்லாம் தேவையில்லை.

ஏஐயால் மனித குலம் அழிய எவ்வளவு வாய்ப்பு என்பதில் ஒத்த கருத்து கிடையாது. இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்ட விஞ்ஞானிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 10 முதல் 20 சதவீதம் என்கிறார். அவரோடு கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட யான் லெகுன் இந்தப் பயமே மிகை என்கிறார். இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. வேறு எந்தத் தொழில்நுட்பத்திலும் விபத்து நடந்தால் பாடம் கற்று, அடுத்த முறை சரி செய்கிறோம். இதில் அடுத்த முறை என்று ஒன்று இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் 1 சதவீதமே எனக்கு அதிகமாகப் படுகிறது.

நன்மைகளை நான் மறுக்கவில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐக்காக 2024-இல் வேதியியல் நோபலே கிடைத்தது. ஆனால் அது ஒரே வேலைக்கென்று உருவான கருவி. எந்த வேலையையும் தானே திட்டமிட்டுச் செய்யும் ஏஐயை அவசர அவசரமாகக் கட்டித்தான் அந்த நன்மைகளைப் பெற முடியும் என்பதை நான் ஏற்கவில்லை.

அந்த அவசரம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஏஐயால் மனித இனம் அழியும் ஆபத்தைத் தடுப்பதை, பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் போன்றவற்றுக்கு இணையாகக் கருத வேண்டும் என்று 2023 மே மாதம் ஓர் அறிக்கை வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஏஐயை உருவாக்கும் முன்னணி நிறுவனங்களான ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட், ஆந்த்ரோபிக் தலைவர்களும் உண்டு. அப்புறமும் மூன்று நிறுவனங்களும் ஒன்றையொன்று முந்தத்தான் ஓடுகின்றன. தான் நின்றால் அடுத்தவர் முந்திவிடுவார் என்ற பயம். வெளியார் சோதித்து அனுமதித்த பிறகுதான் வெளியிடலாம் என்று எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் வராமல் இந்த ஓட்டம் நிற்காது.