பர்மா வயலும் பங்காளி வீடும்

அன்புள்ள ஐயா,

பூர்வீகம் காரைக்குடிப் பக்கம், வேலை சிங்கப்பூரில். பாட்டையா பர்மாவில் விட்டுவந்த வயலைப் பற்றி வீட்டில் இன்றும் பேசுவார்கள். சொத்துரிமைக் குறியீட்டில் சிங்கப்பூர் முன்வரிசையில். இந்தியா வெகு கீழே. ஊர் வீட்டில் என் பங்கை விற்றுவிட்டு இங்கேயே வாங்கிவிடலாமா?

அன்புள்ள தம்பி,

குறியீட்டை விடுங்கள். நாட்டுக்கு மதிப்பெண் போடலாம், உங்கள் பூர்வீக வீடான வளவுக்குப் போட முடியாது. சிங்கப்பூரில் வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வையே 2023 முதல் 60 சதவீதம். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பர்மாவில் பத்திரம் பழுதில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த வயல் சுமார் 6 சதவீதம், 1938-க்குள் 25. ஆசைப்பட்டு வாங்கியதல்ல, நெல் விலை விழுந்து கடனுக்கு வந்து ஒட்டியது. 1948-இல் நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பத்திரம் பெட்டகத்திலேயே கிடந்தது.

சிங்கப்பூரில் உள்ளது டோரன்ஸ் முறை: பதிவேட்டில் பெயர் இருப்பவரே உடைமையாளர். நம் 1908 பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறது, உரிமையை அல்ல. விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பது வாங்குகிறவர் தலைவலி. பட்டாவும் வருவாய்த்துறை ஏடுதான்.

'பங்கை விற்கிறேன்' என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! பாகம் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே குடியேற முடியாது. பாகம் கேட்டு வழக்குப் போட வேண்டும். போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி பங்காளிகளே நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அதை வாங்கிக்கொள்ளலாம். தரகர் பாதி விலை பேசுவது இதனால்தான். உங்கள் வீட்டுத் தேக்குத் தூணில் குறையில்லை.

சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1975-இலிருந்து மட்டும் போட்டுப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதற்கு முந்தியதையும் தேட வேண்டும். பதியாத கூர்ச்சீட்டு, அதாவது பாகம் பிரித்து எழுதிய சீட்டு, அதிலும் வராது. ஒரு பங்காளி இறந்து ஐந்து வாரிசாகியிருப்பதும் வராது. மூலப்பத்திரத்தில் உள்ள பெயரிலிருந்து வம்சாவளி எழுதுங்கள். மகள்களை விட்டுவிடாதீர்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வெளிநாட்டுப் பங்காளி பவர் எழுதினால் தூதரகத்தில் கையெழுத்து. தாள் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை. எழுதியவர் இறந்தால் பவரும் போயிற்று. பலர் தெரியாமல் அதை வைத்தே கிரயம் முடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பங்காளிகளிடமே விலை கேளுங்கள். முன்னோருக்குப் படையலிடும் அடுத்த படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள் அல்லவா? வம்சாவளித் தாளோடு போங்கள். எந்தப் பெயர் விட்டுப்போயிற்று என்பதை வயதான ஆச்சிகள் சொல்லிவிடுவார்கள்.