கப்பல் ஏறுமுன் எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 63. டிசம்பர் லீவில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் ஐந்து நாள் கப்பல் பயணத்துக்கு மகள் ஏற்பாடு செய்கிறாள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அந்தக் காலத்தில் மூதூர் லோஞ்சில் ஏறினால் கரை சேரும் வரை சத்திதான். சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மெட்ஃபோமினும் லொசாட்டனும் எடுக்கிறேன். நான் என்ன குளிசை போடலாம்? கணவருக்கு 70 வயது. புரொஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து எடுக்கிறார், கடலில் அவருக்கு ஒன்றும் செய்யாது. பாதுகாப்புக்கு அவருக்கும் ஒன்று கொடுக்கலாமா? மேல்தளத்தில் முன்பக்க பல்கனி அறை எடுத்தால் தலை சுற்றாது என்கிறார் ஏஜென்ட். அதற்கு முதல் நிலாவெளியில் திமிங்கிலம் பார்க்கும் போட்டில் ஒருமுறை போய்ப் பழகுவோம் என்கிறார் கணவர்.

பதில்: டீச்சர், போகிற போக்கில் நடுவில் கேட்டிருக்கிறீர்களே, கணவருக்கும் ஒன்று கொடுக்கலாமா என்று, அதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். கொடுக்காதீர்கள். உங்கள் குளிசை அட்டையிலிருந்து ஒன்றுகூட அவர் கைக்குப் போகக்கூடாது.

கடல் மயக்கத்துக்குத் தரும் மருந்துகள் பெரும்பாலும் பழைய ரக அலர்ஜி மருந்துகளின் சொந்தக்காரர்கள். தடிமனுக்கு எல்லா வீட்டிலும் கிடக்கும் பிரிட்டன் (குளோர்பெனிரமின்) குளிசையும் அதே குடும்பம்தான். இவை நித்திரையைக் கொண்டுவரும், வாயைக் காயவைக்கும், சிலருக்குக் கண்ணை மங்கவைக்கும். அதோடு சிறுநீர்ப்பையின் தசையையும் தளர்த்திவிடும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியவே வராது. ஆனால் புரொஸ்டேட் வீங்கியவருக்கு வாசல் ஏற்கனவே ஒடுங்கிக் கிடக்கிறது. உள்ளேயிருந்து தள்ளும் தசையின் பலத்தில்தான் அவர் காலம் போகிறது. அந்தப் பலத்தையும் குறைத்தால் சிறுநீர் முழுதாக அடைபடக்கூடும். ஒருமுறை ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். கொழும்பு பஸ்ஸுக்கு முன் சத்திக் குளிசை ஒன்று போட்டிருக்கிறார், தடிமன் என்று இரண்டு பிரிட்டனும் போட்டிருக்கிறார். ஹபரணை தாண்டியபோது முட்டிக்கொண்டு வந்தது, இறங்கி நின்றால் ஒரு சொட்டு இல்லை. குழாய் போட்டு எடுக்கும்வரை மனிதர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அது தரை. நடுக்கடலில் என்றால் கப்பல் வைத்தியர்தான் கதி.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹயோசின் பட்டை இன்னும் மோசம், மூன்று நாளைக்கு மருந்து உடலில் ஊறிக்கொண்டே இருக்கும். 'ஒட்டுவதுதானே, குளிசை இல்லையே' என்று யாராவது நீட்டினாலும் அவர் வாங்கக்கூடாது. கண்ணில் அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. வழியில் இப்படியான மருந்து ஏதாவது எடுத்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு கல்லாகி வலித்தால் வெட்கப்படாமல் உடனே கப்பல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். கடல் ஒத்துக்கொள்ளும் மனிதருக்கு எதற்கு மருந்து? விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கதை. காதுக்குள்ளே திரவம் நிரம்பிய மூன்று சின்னக் குழாய்கள் வளைந்து கிடக்கின்றன. உடம்பு ஆடுவதை அவை மூளைக்குச் சொல்லும். மூடிய அறையில் இருந்தால் கண் 'ஒன்றும் ஆடவில்லை' என்று சொல்லும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் மூளை குழம்பி, குழப்பத்தை வயிற்றின் மேல் தீர்க்கிறது. அவ்வளவுதான், உங்கள் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஐந்து வினாடிக்கு ஒருமுறை போல மெல்ல ஏறி இறங்கும் ஆட்டம்தான் மனிதருக்கு மிகவும் ஆகாதது.

மூதூர் லோஞ்சை நினைத்துப் பாருங்கள். கொட்டியாரக் குடாவில் கடல் அலை நேரே வந்து அடிக்கும். சனநெரிசலில் கீழே உட்கார்ந்தால் தொடுவானம் தெரியாது. மூக்கடியில் டீசல் புகை, பக்கத்தில் இருப்பவர் சத்தி எடுக்கும் சத்தம். அதில் சத்தி வராவிட்டால்தான் அதிசயம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து மூதூருக்குத் தரைவழி இலகுவானபிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடு பெரும்பாலும் தெரியாது. லோஞ்சில் சத்தி எடுத்தேன், ஆகவே கப்பலிலும் எடுப்பேன் என்று கணக்குப் போடாதீர்கள். பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் செட்டை போன்ற அமைப்பு இருக்கிறது.

பருவத்தையும் பாருங்கள். டிசம்பரில் நம் கரையில் வாடை. உப்புவெளியில் வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைவது கேட்கும். அதை வைத்து மலாக்கா நீரிணையை எடை போட வேண்டாம். ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலாய் நாடு, இரண்டும் காற்றை மறைக்கும். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் புக்கெட் பக்கத்துக் கடலும் தணிந்துதான் இருக்கும். அதே டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிழக்கே, தென்சீனக் கடலுக்குப் போகும் கப்பல் என்றால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். மகள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல வழியைத்தான் பிடித்திருக்கிறாள்.

அறை விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது தலைகீழ். சிறுவர் பூங்காவில் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் பலகை இருக்கிறதல்லவா? நுனியில் இருப்பவர்தான் எகிறுகிறார், நடுவில் கையூன்றி நிற்பவருக்கு அசைவே தெரியாது. கப்பலும் அதுதான். முன்பக்கம், பழைய கடலோடிகள் சொல்லும் அணியம், மிக அதிகம் எழுந்து விழும். உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆக, மேல்தளம், முன்பக்கம் என்று உங்களுக்கு விற்கப் பார்ப்பது கப்பலிலேயே மோசமான இடம், அதுவும் கூடிய விலைக்கு! உங்களுக்கு வேண்டியது நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் ஒரு அறை. ஜன்னல் இருந்தால் நல்லது. அநேகமாக அது மலிவாகவும் இருக்கும், அதனால்தான் யாரும் அதைச் சிபாரிசு செய்வதில்லை, கமிஷன் குறைவு. இன்னொன்று: சலுகை விலை என்று அறை இலக்கம் இல்லாத டிக்கெட் தருவார்கள். எந்த அறை என்பதைப் பிறகு கப்பல்காரர் தீர்மானிப்பார். அது நுனியாகவும் இருக்கலாம். தளப்படத்தில் அறை இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள். பயணக் காப்புறுதிப் படிவத்தில் சீனியையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். 'எழுதினால் பிரிமியம் கூடும், விடுங்கள்' என்று ஏஜென்ட் சொன்னால் விடாதீர்கள். கப்பலில் வைத்தியம் இலவசம் இல்லை, பில் அறைக் கணக்கில் ஏறும். மறைத்தது தெரிந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிப்பார்.

சரி, குளிசை. உங்களுக்கு நான் எழுதுவதானால் சின்னரிசின் எழுதுவேன். 25 மில்லிகிராம் குளிசை ஒன்று, தேவைப்பட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. டைமென்ஹைட்ரினேட், புரோமெதசின் இரண்டும் வேலை செய்யும், ஆனால் தூக்கம் அதிகம். உங்கள் வயதில் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழக்கூடும். உடம்பு நடுக்க நோய், அதாவது பார்க்கின்சன் உள்ளவர்கள் சின்னரிசின் பக்கமே போகக்கூடாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வைத்தியரைக் கேட்டுத்தான்.

எந்தக் குளிசை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம். நம் ஆட்கள் தவறுவதும் இங்கேதான். கப்பல் புறப்படக் குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் உள்ளே போயிருக்க வேண்டும். ஐந்து மணிக் கப்பல் என்றால் மூன்று மணிக்கு. பிரட்டத் தொடங்கியபிறகு போட்டால், வயிறு அந்த நேரம் கதவைச் சாத்தி வைத்திருக்கும், குளிசை அப்படியே கிடந்து சத்தியோடு வெளியே வரும். பிறகு 'இந்த மருந்து எனக்குக் கேட்காது' என்பார்கள். மருந்தில் பிழையில்லை, நேரம்தான் தப்பிவிட்டது. புறப்படுவதற்கு ஒரு கிழமை முன் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

நம்மூர் பாமசிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 'கடல் பயணத்துக்குச் சத்திக் குளிசை' என்று கேட்டால் பத்தில் பல தடவை டொம்பெரிடோன் வரும். அது வயிற்றுக் கோளாறுச் சத்திக்கு நல்ல மருந்து. ஆனால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது, கடல் மயக்கமோ அங்கேதான் தொடங்குகிறது. ஒன்டன்செட்ரோனும் அப்படித்தான். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கு அது வரம், கப்பலில் பயனில்லை. தூக்கம் வராத புதிய அலர்ஜிக் குளிசைகளும் கேட்காது. இதைவிடக் கொடுமை, அட்டையை வெட்டி நாலு குளிசையைக் கடதாசி உறைக்குள் போட்டு '1 – 0 – 1' என்று எழுதித் தருவது. பெயர் இல்லை, அளவு இல்லை, காலாவதித் திகதி வெட்டுப்பட்டுப் போச்சு. அந்த உறையைக் காட்டி 'இது என்ன டொக்டர்' என்று கேட்டால் நான் என்ன சாத்திரியா? வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து துண்டு இல்லாமல் போகிறது, தரவேண்டிய பெயர் மட்டும் தர முடியவில்லை. கிளினிக்கிலும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது, அதில் கப்பல் கதையை எங்கே சொல்வது என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் கிளினிக் கொப்பியைக் கொடுக்கும்போதே 'கப்பலில் போகிறேன், சின்னரிசின் எடுக்கலாமா' என்று ஒரு வரி துண்டில் எழுதி வைத்துவிடுங்கள். பேசுவதைவிட அது சீக்கிரம் நடக்கும். குளிசையை முழு அட்டையாக வாங்குங்கள்.

சீனிக்கு வருவோம். ஒருமுறை இருமுறை சத்தி எடுத்தால் பயமில்லை. ஒன்றும் வயிற்றில் தங்காத நாளில்தான் கவனம் வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றும்போது மெட்ஃபோமினும் லொசாட்டனும் சிறுநீரகத்துக்குச் சுமை. அன்றைக்கு அவற்றைத் தள்ளிவைத்து, சீனியை அளந்துகொண்டு கப்பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்குச் சாப்பிடாமல் போட்டால் சீனி பொசுக்கென்று இறங்கிவிடும். இன்சுலின்காரர் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது. ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள், இரண்டு பக்கெட் பையில் இருக்கட்டும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், மடக்கு மடக்காக. ஒரேயடியாகக் குடித்தால் அதுவும் வெளியே வரும்.

வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த தண்ணீர், இஞ்சி பிஸ்கட் எல்லாம் கொண்டு போங்கள். இஞ்சியைப் பற்றிய ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரணானவை, ஆனால் கெடுதி இல்லை. தேசிக்காயை மோந்து பார்ப்பதும் அப்படித்தான். மணிக்கட்டில் கட்டும் பட்டிக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் கட்டுங்கள், ஏஜென்ட் 'பயணப் பொதி' என்று ஆயிரக்கணக்கில் விற்றால் வேண்டாம். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பஃபேயைப் பார்த்துவிட்டு முட்டமுட்டவும் சாப்பிடாதீர்கள். பிரட்டத் தொடங்கினால் திறந்த தளத்தில் நடுப்பகுதிக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்; போனைப் பார்க்க வேண்டாம். முடியவில்லை என்றால் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். அதுவரை வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுவயதில் நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் வந்துபோன நெல்சன், பிரித்தானியக் கடற்படைத் தளபதியான பிறகும் கடுங்காற்று வீசும்போதெல்லாம் கடல் மயக்கத்தில் வாடியவர்.

திமிங்கிலப் போட் யோசனையைக் கணவர் மறந்துவிடட்டும். நம் கடலில் கரைக்குக் கிட்டவே ஆழம் தொடங்குவதால் திமிங்கிலம் வரும், உண்மை. ஆனால் அதற்குக் காலம் சித்திரை, வைகாசி போன்ற அமைதியான மாதங்கள். வாடைக் காலத்தில் ஒரு பைபர் போட்டில் ஏறி என்ன பழகப் போகிறீர்கள்? பழக்கம் என்பது நாள்கணக்கில் தொடர்ந்து ஆடினால் வருவது. மூன்று மணி நேரத்தில் பயம்தான் வரும். கடற்கரையில் ஆள்பிடிப்பவர் 'கடல் இன்றைக்குக் குளம் மாதிரி' என்று எந்த நாளும் சொல்வார். ஆறு மணிப் போட்டுக்குக் கரையில் நின்று குளிசை ஒன்றையும் நீட்டுவார். அது வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் நடுக்கடலில் போட் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

திரும்பி வந்து தரையில் கால் வைத்தபிறகு வீடு ஆடுவதுபோல் ஓரிரு நாள் இருக்கும். அதற்குக் குளிசை போடாமல், கடற்கரை ஓரமாகக் காலையில் நடவுங்கள். ஒரு மாதம் கழித்தும் ஆடினால் அப்போது எழுதுங்கள்.